மும்பைக்கு அப்பா அம்மாவுடன்: தங்குவது ஃபோர்ட்டா, மாட்டுங்காவா, அந்தேரியா?

நொய்யல்கரை

வணக்கம். அரையாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு மும்பை போகிறோம். நான், மனைவி, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகன், அப்பா, அம்மா. போகும்போது கோயமுத்தூரிலிருந்து குர்லா எக்ஸ்பிரஸ். திரும்பும்போது விமானம், டிக்கெட் இன்னும் போடவில்லை. வியாழக்கிழமை போய்ச் சேர்ந்து திங்கட்கிழமை கிளம்புவதாகத் திட்டம்.

பார்க்க நினைப்பது கேட்வே ஆஃப் இந்தியா, எலிபெண்டா குகைகள், மரைன் டிரைவ் கடற்கரைச் சாலை, சித்தி விநாயகர், மகாலட்சுமி கோயில், ஹாஜி அலி. மகனுக்கு போரிவலி தேசியப் பூங்காவும் கன்ஹேரி குகையும் பார்க்க வேண்டுமாம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. சமதரையில் நடப்பார், படி என்றால் சிரமம். அப்பாவுக்குக் காலையில் இட்லியும் நல்ல காபியும் கிடைக்காவிட்டால் மதியத்துக்குள் ஊருக்குக் கிளம்பலாம் என்பார். இரண்டு அறைக்கும் சேர்த்து ஓர் இரவுக்கு ஏழாயிரம், மிஞ்சிப்போனால் எட்டாயிரம் தரலாம்.

"நம்ம ஆட்கள் இருக்கிற மாட்டுங்காவுக்குப் போ" என்கிறார் சித்தப்பா. அலுவலக நண்பர் அந்தேரி என்கிறார். இணையத்தில் தேடினால் கொலாபா, கொலாபா என்றே வருகிறது. வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் பக்கம் பக்கமாகத்தான் தெரிகிறது. எதை வைத்து முடிவு செய்வது?

சாக்கிநாக்கா

அந்தேரி கிழக்கு. கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள். மரோல், சகாலா பக்கத்து ஓட்டல்கள் எல்லாம் அலுவலக வேலையாக வருகிறவர்களுக்காகக் கட்டியவை. லிஃப்ட், பெரிய ஜன்னல், காலை உணவு எல்லாம் உண்டு. ஃபோர்ட்டில் அதே பணத்துக்கு ஒரு பெட்டி மாதிரி அறை கிடைக்கும், அதிலும் பெட்டியைத் திறக்க இடமிருக்காது. வருடக் கடைசியில் கம்பெனி ஆட்கள் வருவது குறைவு, அதனால் இந்தப் பக்கம் பேரம் படியும். விமான நிலையம் ஆட்டோ தூரம். பூங்காவும் இந்தப் பக்கம்தான்.

கடைசிப்பெட்டி

முலுண்டில் வீடு, சர்ச்கேட் பக்கம் வேலை. அந்தேரி அறைகளைப் பற்றி நண்பர் சொன்னது உண்மைதான். ஆனால் நொய்யல்கரை அறையைப் பார்க்க வரவில்லையே.

மும்பை நீளமான, ஒல்லியான ஊர். தெற்கு நுனியில் கொலாபா, அதை ஒட்டி ஃபோர்ட், சர்ச்கேட், வடக்கே போரிவலி, தஹிசர் என்று நீண்டுகொண்டே போகும். மேற்கு லைன் சர்ச்கேட்டில் தொடங்குகிறது, மத்திய லைன் சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ் என்கிற சி.எஸ்.எம்.டி.யில் (பெரியவர்கள் வி.டி. என்பார்கள்). இரண்டும் தாதரில் சந்திக்கும். இந்த ஊரில் கிலோமீட்டரைக் கேட்காதீர்கள். எந்த லைன், எந்தத் திசை, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.

காலை எட்டிலிருந்து பதினொன்று வரை ஊரே தெற்கே ஓடும். மாலை ஐந்தரையிலிருந்து ஒன்பது வரை வடக்கே திரும்பும். உங்கள் பட்டியலில் பூங்காவைத் தவிர எல்லாமே தெற்கில்தான் இருக்கிறது. அந்தேரியில் தங்கினால் தினமும் காலையில் கூட்டத்தோடு இறங்கி, மாலையில் கூட்டத்தோடு ஏற வேண்டும். வண்டி ஒரு ஸ்டேஷனில் நிற்பதே சில நொடிகள். அதற்குள் அம்மாவை ஏற்றிவிட்டு மகனையும் இழுத்துக்கொண்டு ஏற முடியுமா? டாக்ஸி எடுத்தாலும் வெஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயில் அதே கூட்டம் கார்களாக நிற்கும், அவ்வளவுதான்.

தெற்கே தங்கினால் இது அப்படியே தலைகீழ். பூங்காவுக்குப் போகிற நாளில்கூடக் காலையில் சர்ச்கேட்டில் போரிவலி வண்டி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து போகலாம். எதிர் பிளாட்பாரத்தில் வந்து நிற்கிற வண்டியிலிருந்து கொட்டுகிற கூட்டத்தைப் பார்த்தால் உங்கள் மகனுக்கு அதுவே ஒரு காட்சி.

அப்புறம், வயதானவர்களோடு போகும்போது நான் பார்ப்பது இன்னொன்று: மதியம் அறைக்குத் திரும்பி ஒரு மணி நேரம் படுக்க முடிகிறதா? ஃபோர்ட்டிலோ சர்ச்கேட்டிலோ முடியும். அந்தேரியிலிருந்து காலையில் கிளம்பினால் இரவுதான் அறை.

கிங்ஸ்சர்க்கிள் பேத்தி

சித்தப்பா சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். நான் பிறந்து வளர்ந்தது மாட்டுங்காவில். ஸ்டேஷனை விட்டுக் கிழக்கே இறங்கினால் பூக்கடையில் மல்லிகைப்பூ தமிழிலேயே விலை பேசி வாங்கலாம். ஆஸ்திக சமாஜம் கோயில், பஜனை சமாஜம், கொஞ்சம் தள்ளி சண்முகானந்தா ஹால். சாப்பாட்டுக்கு ராம் ஆஷ்ரயா, கஃபே மெட்ராஸ், 1942இலிருந்து வாழை இலைச் சாப்பாடு போடுகிற ராமநாயக் உடுப்பி. உங்கள் அப்பாவை இங்கே விட்டால் சாயங்காலம் வரை திரும்ப மாட்டார்.

ஆனால் தங்குவதற்கு என்று கேட்டால் நானே தயங்குவேன். மாட்டுங்கா வீடுகள் இருக்கிற பேட்டை, ஓட்டல் அறைகள் ரொம்பக் குறைவு. "மாட்டுங்கா அருகில்" என்று செயலியில் காட்டுவதில் பாதி சயானிலோ தாதரிலோ இருக்கும். மாட்டுங்கா ஸ்டேஷனில் எல்லா ஸ்டேஷனிலும் நின்று போகிற ஸ்லோ வண்டி மட்டும்தான் நிற்கும். சாப்பிட வாருங்கள், தங்குவதற்குக் கடைசிப்பெட்டி சொல்கிற இடமே மேல். காலையில் சி.எஸ்.எம்.டி.யிலிருந்து ஸ்லோ வண்டி பிடித்தால் அரை மணிக்குள் இட்லி முன்னால் உட்காரலாம். அதுவும் கூட்டத்துக்கு எதிர்த்திசைதான்.

சாக்கிநாக்கா

> காலையில் தெற்கே, மாலையில் வடக்கே

இது எங்கள் அப்பா காலத்துக் கணக்கு. இப்போது வேலை எல்லாம் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ் (பி.கே.சி.), அந்தேரி, போவாய், மலாடு என்று வடக்கே வந்துவிட்டது. காலையில் வடக்கே வருகிற வண்டியும் காலியாக இல்லை. நான் தினமும் பார்க்கிறேன்.

அதோடு மூன்றாம் மெட்ரோவை ஏன் யாரும் சொல்லவில்லை? 2025 அக்டோபரில் கஃப் பரேடு வரை முழுசாகத் திறந்தாயிற்று. ஆரேயில் தொடங்கி விமான நிலைய முனையங்கள் இரண்டையும் தொட்டு, பி.கே.சி., தாராவி, தாதர், சித்தி விநாயகர், வொர்லி, சி.எஸ்.எம்.டி., சர்ச்கேட் என்று ஒரே சுரங்கம். 33.5 கிலோமீட்டர், 27 ஸ்டேஷன். முழுத் தூரத்துக்கும் டிக்கெட் 70 ரூபாய்தான். லிஃப்ட், ஏசி எல்லாம் உண்டு. அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் லோக்கலை ஏன் நினைக்க வேண்டும்? மரோலில் ஏறினால் ஹுதாத்மா சௌக்கில் இறங்கி கேட்வேக்கு டாக்ஸி. இரண்டாயிரத்துப் பத்தில் எழுதிய பயணக் குறிப்பைப் படித்துவிட்டு ஊரே கொலாபா, கொலாபா என்கிறது.

கடைசிப்பெட்டி

மெட்ரோ விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. லோக்கலை மட்டும் வைத்து எழுதிய பழைய ஆலோசனைகளை அது மாற்றிவிட்டது. வடக்கே போகிற கூட்டமும் முன்னைவிட அதிகம்தான், ஆனால் காலையில் சர்ச்கேட் பக்கம் வந்து இறங்குகிற கூட்டத்தோடு ஒப்பிட முடியாது.

அதே மெட்ரோ உங்கள் வாதத்துக்கும் எதிராக வேலை செய்கிறதே. அந்தேரியில் தங்கச் சொல்வதற்கு முதல் காரணம் விமான நிலையம் பக்கம் என்பது. இப்போது ஃபோர்ட்டிலிருந்தே ஒரே வண்டியில் விமான நிலையம் போகலாம். கிளம்புகிற அந்த ஒரு நாளுக்காக மற்ற நாளெல்லாம் தூரத்தில் இருப்பானேன்? சித்தி விநாயகருக்குப் பக்கத்திலேயே ஸ்டேஷன் இருக்கிறது. மகாலட்சுமி ஸ்டேஷன் பேரைப் பார்த்துக் கோயில் வாசல் என்று நினைக்க வேண்டாம், அங்கிருந்து டாக்ஸி வேண்டும். மெட்ரோவில் இரவு பத்தரை வாக்கில் கடைசி வண்டிகள் கிளம்பிவிடும். மரைன் டிரைவில் உட்கார்ந்து நேரம் போவது தெரியாமல் இருந்துவிட்டால் அந்தேரிக்காரருக்கு டாக்ஸிச் செலவு, ஃபோர்ட்காரருக்கு நடை.

கீழே சுரங்கத்தில் மொபைல் சிக்னலை நம்பாதீர்கள். டாக்ஸி செயலியை மேலே வந்த பிறகு திறங்கள்.

90அடிரோடு

தாராவிதான், அப்பா காலத்திலேயே திருநெல்வேலியிலிருந்து வந்துவிட்டோம். "தமிழர் இருக்கிற இடத்தில் தங்கு" என்று ஊரிலிருந்து எல்லாரும் சொல்வார்கள். அண்ணே, நீங்கள் குடியேறவா வருகிறீர்கள்? நாலு நாள் சுற்றிப் பார்க்க மொழி ஒரு பிரச்சினையே இல்லை. அரைகுறை இந்தியிலும் கையாலும் பேசி எங்கள் பாட்டிமார் ஆயுசையே ஓட்டினார்கள். தமிழ்க் குரல் கேட்க வேண்டும் என்றால் ஒரு சாயங்காலம் மாட்டுங்கா, முருகனைப் பார்க்க வேண்டும் என்றால் செம்பூர் சேடா நகர் கோயில். அதற்காக அங்கேயே அறை எடுக்க வேண்டியதில்லை.

குர்லா எக்ஸ்பிரஸ் என்று எல்லாரும் சொல்கிறோமே, அது குர்லா ஸ்டேஷனுக்கு வராது. லோக்மான்ய திலக் டெர்மினஸ், தனி இடம். சாமான், பெரியவர்களோடு அங்கிருந்து லோக்கல் தேடிப் போக வேண்டாம். நேராக டாக்ஸி.

யாழ்வெயில்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து பெப்ரவரியில் வருகிறோம். இதே கேள்விதான் எங்களுக்கும். தாதரில் ஒரு லொட்ஜ் பிடித்திருந்தது. தொலைபேசியில் கேட்டால் இலங்கைக் கடவுச்சீட்டு என்றதும் அறை இல்லை என்கிறார்கள். ஏனென்று விளங்கவில்லை.

கிங்ஸ்சர்க்கிள் பேத்தி

யாழ்வெயில், உங்கள் நாட்டின் மேல் கோபம் எதுவும் இல்லை. வெளிநாட்டவர் யார் தங்கினாலும் ஓட்டல்காரர் 'சி' படிவம் என்று வழக்கமாகச் சொல்கிற ஒன்றை அரசுக்கு இணையவழி அனுப்ப வேண்டும். சின்ன லாட்ஜ்கள் பலவற்றில் அந்தப் பதிவே இருக்காது, அதனால் மறுத்துவிடுகிறார்கள். முன்பதிவு செய்யும் முன்பே "வெளிநாட்டுப் பாஸ்போர்ட், சி படிவம் போடுவீர்களா?" என்று கேளுங்கள். செயலியில் பணம் கட்டிவிட்டு வாசலில் வந்து நிற்கக் கூடாது. கொலாபா ஓட்டல்காரர்கள் வெளிநாட்டுப் பயணிகள் வந்து பழகியவர்கள், அங்கே சின்ன ஓட்டல்களிலும் பெரும்பாலும் சிக்கல் இருக்காது. உங்களுக்கு நான் கொலாபாதான் சொல்வேன்.

யாழ்வெயில்

மிக்க நன்றி அக்கா. இப்பதான் விளங்குது.

நொய்யல்கரை

எல்லோருக்கும் நன்றி. தெற்கு என்று மனம் முக்கால்வாசி முடிவாகிவிட்டது. அதில் கொலாபா, ஃபோர்ட், சர்ச்கேட், மரைன் லைன்ஸ் என்று நாலு இடங்களின் பெயர் சொல்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானா? தாதர் நடுவில் இருக்கிறது, இரண்டு லைனும் வருகிறது, அறையும் கொஞ்சம் மலிவாகத் தெரிகிறதே?

திருச்சிவழி

தாதர், பரேல் பக்கம் பற்றி மட்டும் சொல்கிறேன். என் அக்கா வீட்டுக்காரர் சிகிச்சைக்காக டாடா மெமோரியல் போய்வந்த காலத்தில் அந்தப் பக்கம் நிறைய நாள் இருந்தோம். பரேலில் டாடா, கே.ஈ.எம். என்று பெரிய ஆஸ்பத்திரிகள். சுற்றியிருக்கிற மலிவு அறைகளில் நாடு முழுவதிலிருந்தும் வந்த நோயாளிகளும் உறவினர்களும் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். இடம் கிடைக்காதவர்கள் நடைபாதையில் படுத்திருப்பதையும் பார்த்தேன். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அந்த அறைகளை விட்டுவிட்டால் நல்லது என்பது என் எண்ணம். உங்களுக்கு வேறு இடம் உண்டு, அவர்களுக்கு அங்கேதான் வேலை.

தாதர் ஸ்டேஷன் பக்கம் கூட்டம் சொல்லி மாளாது. மேற்கே பூ மார்க்கெட் விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். முழங்கால் வலிக்காரர் மேம்பாலத்தில் ஏறி இறங்கி லைன் மாறுவதை நினைத்துப் பாருங்கள். டிசம்பர் 6 அம்பேத்கர் நினைவு நாளுக்கு முன்னும் பின்னும் தாதரில் அவரது நினைவிடமான சைத்யபூமிக்கு லட்சக்கணக்கானோர் வருவார்கள். நீங்கள் போவது அதற்குப் பிறகு என்பதால் அது உங்களைத் தொடாது. மற்றவர்கள் தேதி பார்த்துக்கொள்ளலாம்.

கிங்ஸ்சர்க்கிள் பேத்தி

நாலும் ஒன்றல்ல. எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

கொலாபாவில் கேட்வே நடந்து போகிற தூரம், காஸ்வே என்கிற கடைத்தெரு, இரவு வெகுநேரம் நடமாட்டம். அதுவே தொந்தரவும். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை விலை தாறுமாறாக ஏறும், தெருவில் சத்தமும் ஏறும். உங்கள் பட்ஜெட்டில் ஜன்னல் இல்லாத அறைதான் மாட்டும். ஜன்னல் என்று சொல்லிவிட்டுக் காற்றுப்போக்கிக்குத் திறக்கிற ஓட்டையைக் காட்டுகிற இடங்களும் உண்டு.

ஃபோர்ட் அலுவலகப் பேட்டை. பகலில் கூட்டம், ராத்திரி ஏழு எட்டுக்கு மேல் அமைதி. ஞாயிற்றுக்கிழமை கடைகள் பாதிக்கு மேல் மூடியிருக்கும், சாப்பாட்டுக்கு முன்கூட்டியே யோசித்து வையுங்கள். ஆனால் அந்த ஞாயிறு காலையில்தான் அப்பாவும் மகனும் தெரு நடுவில் நின்று கட்டடங்களை அண்ணாந்து பார்க்க முடியும். ஹுதாத்மா சௌக், சி.எஸ்.எம்.டி. என்று இரண்டு மெட்ரோ ஸ்டேஷன். சைவச் சாப்பாட்டுக்கு உடுப்பி ஓட்டல்கள் இருக்கின்றன. சாம்பார் இனிக்கும், அப்பாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சி.எஸ்.எம்.டி. எதிரே பஞ்சம் பூரிவாலாவில் மகனுக்குப் பூரி வாங்கிக் கொடுங்கள்.

சர்ச்கேட், மரைன் டிரைவ் கடலைப் பார்த்த அறை என்றால் உங்கள் பணத்தில் மறந்துவிடலாம். ஆனால் அதற்குப் பின்தெருக்களில், மரைன் லைன்ஸ் பக்கம் பழைய, சுத்தமான, குடும்பங்கள் வருகிற ஓட்டல்கள் சில உண்டு. சாயங்காலம் அம்மா படியே ஏறாமல் நடந்துபோய்க் கடற்கரைச் சுவரில் உட்காரலாம். நான் அம்மாவைக் கூட்டிப் போவதாக இருந்தால் முதலில் இங்கேதான் தேடுவேன், கிடைக்காவிட்டால் ஃபோர்ட்.

எங்கே போட்டாலும் போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள். லிஃப்ட் இருக்கிறதா, அது தரைமட்டத்திலிருந்தே தொடங்குகிறதா (சில பழைய கட்டடங்களில் பத்துப் படி ஏறிய பிறகுதான் லிஃப்டே வரும்)? ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கும்? இரண்டு அறையும் ஒரே மாடியா? பதில் இழுத்தால் அடுத்த ஓட்டலைப் பாருங்கள்.

சாக்கிநாக்கா

சரி, ஓட்டெடுப்பில் தோற்றேன். ஆனால் பூங்கா விஷயத்தில் ஒன்று. போரிவலி ஸ்டேஷனிலிருந்து வாசலுக்கு ஆட்டோ. வாசலிலிருந்து கன்ஹேரிக்கு உள்ளே ஆறு கிலோமீட்டருக்கு மேல், பஸ் உண்டு. குகைகளில் பாறைப்படிகள். அம்மாவை அன்று அறையிலேயே விட்டுவிடுவது நல்லது. எலிபெண்டாவிலும் படகிலிருந்து இறங்கினால் சுமார் 120 படி. தூக்கிச் செல்ல டோலி நாற்காலி கிடைக்கும், விருப்பமா என்று அவரிடமே கேளுங்கள். கூச்சப்படுவார்கள்.

மழைப்பயணி

இந்த இழையைப் பின்னால் படிக்கிறவர்களுக்கு: இதெல்லாம் டிசம்பர் கணக்கு. ஜூன் முதல் செப்டம்பர் வரை வருகிறீர்கள் என்றால் வேறு கணக்கு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்த ஊர் இது. சாதாரண கனமழைக்கே ஹிந்த்மாதா, கிங்ஸ் சர்க்கிள், சயான், அந்தேரி சுரங்கப்பாதை எல்லாம் தண்ணீர் நிற்கிற இடங்கள். அறை விளம்பரத்தில் இதைப் போட மாட்டார்கள். விநாயகர் சதுர்த்திக்கு வந்தால் லால்பாக், கிர்காவ் பக்கம் விழா பார்க்க வந்தவர்களுக்குக் கொண்டாட்டம், தூங்க வந்தவர்களுக்கு இல்லை.

கிங்ஸ்சர்க்கிள் பேத்தி

எங்கள் கிங்ஸ் சர்க்கிளை இழுக்காமல் யாராலும் மழையைப் பற்றிப் பேச முடியாது போல. சொன்னது உண்மைதான், மறுக்கவில்லை.

நொய்யல்கரை

மரைன் லைன்ஸ் பின்தெருவில் ஓர் ஓட்டல் பிடித்துவிட்டேன். லிஃப்ட் தரையிலிருந்தே, ஒரே மாடி, ஜன்னல் தெருப்பக்கம். எட்டாயிரத்தைக் கொஞ்சம் தாண்டியது, மனைவி பரவாயில்லை என்றாள். அம்மாவுக்கு டோலி வேண்டாமாம், "நான் படகில் வருகிறேன், மேலே நீங்கள் போங்கள்" என்கிறார்.

வெள்ளி பூங்கா, சனி கோயில்கள், ஞாயிறு காலை மாட்டுங்கா, திங்கள் எலிபெண்டா முடித்து இரவு விமானம் என்று நினைக்கிறேன். நவி மும்பை விமான நிலையத்திலிருந்து போனால் டிக்கெட் மலிவாகக் காட்டுகிறது. அதுவும் மும்பைதானே?

கடைசிப்பெட்டி

திங்கட்கிழமை எலிபெண்டா மூடியிருக்கும். பூங்காவும் திங்கள் விடுமுறைதான். எலிபெண்டாவை வெள்ளிக்கு மாற்றுங்கள், சனி ஞாயிறில் படகுக்கு வரிசை நீளும். பூங்காவைச் சனிக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஞாயிறு மாட்டுங்கா போவதானால் மெகா பிளாக் பாருங்கள். தண்டவாளப் பராமரிப்புக்காக ஞாயிறுதோறும் ஏதாவது ஒரு பகுதியில் பகல் பதினொன்று வாக்கிலிருந்து மாலை நான்கு வரை வண்டிகளை மாற்றிவிடுவார்கள். எந்தப் பகுதி என்று முந்தின நாளே அறிவிப்பு வரும். எட்டு மணிக்கே இட்லிக்குப் போய் பத்தரைக்குள் திரும்பிவிட்டால் உங்களைத் தொடாது. கோயில்களை அன்று மதியத்துக்கு மேல் வைத்தாலும் பிரச்சினை இல்லை, மெட்ரோவுக்கு பிளாக் கிடையாது. ஹாஜி அலிக்குப் போகும் பாதை கடல் ஏறும் நேரத்தில் மூழ்கிவிடும், நேரம் பார்த்துப் போங்கள்.

நவி மும்பை விமான நிலையம் கடலுக்கு அந்தப் பக்கம், உல்வேயில். உங்கள் ஓட்டலிலிருந்து டாக்ஸியில் அடல் சேது கடற்பாலம் வழியாகப் போக வேண்டும். பாலத்துச் சுங்கமே காருக்கு 250 ரூபாய், டாக்ஸி வாடகை தனி. சாந்தாகுரூஸ் பக்கத்துப் பழைய விமான நிலையத்துக்கு மெட்ரோ இருக்கிறது. ஐந்து பேருக்கும் கூட்டிக் கழித்துப் பாருங்கள், மிச்சம் எவ்வளவு என்று.

90அடிரோடு

அண்ணே, வந்து இறங்குகிற நாளுக்கு ஒன்று. டெர்மினஸ் வாசலில் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். சயானுக்குத் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதி இல்லை, மரைன் லைன்ஸ் வருகிறேன் என்று யார் சொன்னாலும் ஏறாதீர்கள். கறுப்பு மஞ்சள் டாக்ஸி எடுங்கள், 31 ரூபாயில் மீட்டர் தொடங்கும். ஐந்து பேர், சாமான் எல்லாம் ஒரு வண்டியில் அடங்காது. இரண்டு வண்டி எடுத்து, அப்பாவை ஒன்றில் அம்மாவை இன்னொன்றில் ஏற்றி, இரண்டிலும் ஓட்டல் பேரை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.